செவலையின் இருபது நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் டிவியில் ஒரு படம் போட்டாள். ஒரு குடும்பத்தின் நாய் தொலைந்துபோகிறது. ஊர் ஊராகத் தேடுகிறார்கள். கடைசியில் நாய் ஓடிவந்து எல்லார் மேலும் ஏறி விழ, படம் முடிகிறது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மட்டும், "இத்தன நாளு அது எங்க இருந்துச்சுன்னு ஒருத்தருமே கேக்கலியே?" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "அப்பா பேசற மாதிரியே இருக்கும்மா" என்றாள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

பல வருடங்களுக்கு முன் நம் நாய் செவலை காணாமல் போனபோது நான் மாரண்டஹள்ளித் தெருக்களில் பேர் சொல்லிக் கூப்பிட்டு அலைந்தேன். நீங்கள் மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, காய்கறி மண்டிக்கு வரும் டிரைவர்களை ஒவ்வொருவராக விசாரித்தீர்கள். இருபதாம் நாள், வெளியூர் போய்த் திரும்பிய ஒருவர் சொன்னார்: "காலித் தக்காளிப் பெட்டி ஏத்திக்கிட்டுப் பென்னாகரம் போனனுங்க. தார்ப்பாயத் தூக்குனா ஒரு செவல நாயி குதிச்சு ஓடுச்சு."

அன்றைக்கே மொபெட்டில் கிளம்பினோம். விசாரித்துக்கொண்டே போனதில், பென்னாகரம் தாண்டி, காட்டோரம் ஆடு வளர்க்கும் மாதம்மாவின் வீட்டு வாசலில் அவன் படுத்திருந்தான். நம்மைப் பார்த்ததும் பாய்ந்து வந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீங்களோ ஒரு கல்லில் உட்கார்ந்து, "மொத நாளு எங்கம்மா படுத்தான்? என்ன தின்னான்?" என்று மாதம்மாவிடம் ஆரம்பித்துவிட்டீர்கள்.

"நாயிதான் கெடச்சிருச்சில்லங்க, கெளம்பலாம்" என்றேன்.

"இரு. இருபது நாளு எப்படிப் பொழச்சான்னு தெரிஞ்சுக்காம எப்படிப் போறது?"

வீட்டில் கன்னடம் பேசுகிறவள் மாதம்மா. அவனுக்குக் 'கெம்பா' என்று பேர் வைத்திருந்தாள். அதற்கும் செவலை என்றுதான் அர்த்தம் என்றதும் உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புதரில் சிக்கிய ஆட்டுக்குட்டிக்காக, அவள் வந்து சேரும்வரை அவன் குரைத்துக்கொண்டே நின்றானாம். நம் வீட்டில் பால்காரரைப் பார்த்தே கட்டிலுக்கடியில் ஒளிந்தவன்!

"கூட்டிட்டுப் போங்க. ஒங்க வூட்டு நாயிதான?" என்றாள். சொல்லிவிட்டு, பட்டியில் இருந்த ஆடுகளை எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினாள். அவள் அழுகையை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

"அவனே முடிவு பண்ணட்டும்" என்று வண்டியைக் கிளப்பினீர்கள். தார் ரோடு வரை பின்னால் ஓடிவந்தான். அங்கே நின்றான். நம்மைப் பார்த்தான், ஆடுகள் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான். நான் உங்கள் முதுகில் குத்தினேன். ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை.

அடுத்த மாதம் நீங்களாகவே, "என்ன பண்றான்னு பாத்துட்டு வரலாமா?" என்றீர்கள். அப்புறம் மாதாமாதம் போனோம். நீங்கள் கேள்வி கேட்பீர்கள், மாதம்மா பதில் சொல்வாள். நான் அவனைத் தடவிக்கொண்டு, எப்போது கிளம்புவோம் என்று இருப்பேன்.

போன வாரம் முதல்முறையாகத் தனியாகப் போனேன், பஸ்ஸில். அவன் மூஞ்சி நரைத்துவிட்டது. எனக்குப் பின்னால் யாரையோ தேடி ரோடு வரை போய்விட்டு வந்து படுத்துக்கொண்டான். மாதம்மா டீ கொடுத்தாள். குடித்தோம்; கேள்வி கேட்க நீங்கள் இல்லை. இத்தனை வருடத்தில் அவளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மாதம்மா, நீ மொதமொதல்ல வாங்குன ஆடு எது?" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அய்யோ, அது பெரிய கதெக்கா" என்று சிரித்தாள். நாலு மணி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. நான் எழுந்திருக்கவில்லை.