மேடையில் உன் குரல்

அன்புள்ள மெர்சிக்கு,

நேற்று உன்னை ஜெனரல் மேனேஜராக அறிவித்த விழா முடிந்து வந்த நீ, "சாப்டீங்களா?" என்று மட்டும்தான் கேட்டாய். எங்கே போனேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

விழாவுக்கு வந்திருந்தேன். கட்டிங் செக்‌ஷன் ஆட்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தமிழ்வேந்தன் என் தோளைத் தட்டி, "இன்னா மச்சான், இனிமே வூட்லயும் மேடம்னுதான் கூப்டுவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டேன்.

இருபது வருடத்துக்கு முன் மாதனூரிலிருந்து உன்னை இந்த ஷூ கம்பெனிக்குக் கூட்டிவந்தவன் நான். இன்னும் சூப்பர்வைசர்தான்.

ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. "தோலைத் தொட்டுப் பாத்தே தரம் சொல்ல எனக்குக் கத்துக்குடுத்தது எங்க வீட்டுக்காரரு. இங்கதான் இருக்காரு. கொஞ்சம் மேடைக்கு வாங்க." கைதட்டினார்கள். நான் வராததால் கைதட்டல் மெல்ல அடங்கியது. நீ மறுபடியும் கூப்பிட்டாய். குரல் தடுமாறியது.

ஓடி வந்திருக்கலாம், மெர்சி. கூப்பிடு தூரம்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் நீ தவிப்பதை அங்கேயே நின்று கேட்டேன். அது எனக்கு இனித்தது.

உன் வீட்டுக்காரன்