சிவநேசன் இடிக்க நினைத்த வீடு

என் உயிரான றெஜினா அக்கா,

வீடு நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள்.

இந்தப் பனிநாட்டில், ரொம்மனில் தமிழ் மாணவர் சங்கம் வாங்கிய அந்த மரவீட்டில் தங்கித்தான் நீங்கள் படித்தீர்கள். வேலை கிடைத்து வேறு இடம் போன பிறகும் அதை விடவில்லை. பனி கொட்டினால் கூரையில் ஏறித் தள்ளினீர்கள். கோடையில் சுவருக்குச் சாயம் பூசினீர்கள். மன்னாரிலிருந்து வந்து முதல் குளிரிலேயே அழுத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கட்டிலும் சுடுசோறும் இருந்தன.

சங்கத் தலைவர் சிவநேசன் வீட்டை வேண்டுமென்றே பாழாக விட்டார். அதை இடித்து, தன் பெயரில் மண்டபம் கட்டுவது அவர் ஆசை. ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, நிலக்கீழ் அறையில் பூஞ்சணம் பிடிக்கிறது என்றீர்கள். அவர் சிரித்தார்.

“கலியாணம் கட்டியிருந்தா உனக்கு உன்ர வீட்டைப் பாக்கவே நேரம் காணாது. எங்கட வீட்டை நாங்கள் பாப்பம். நீ இனி இஞ்சை வரத் தேவையில்லை.”

கூட்டத்திலிருந்து நேரே என் குசினிக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுதீர்கள். அடுத்த குளிர்காலத்தில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது.

இறுதிப் பூசையில் அந்த மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்து, “றெஜினா எங்கட வீட்டின்ர விளக்கு” என்று கண்ணைத் துடைத்தார். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே முடிவெடுத்தேன். இவரை அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பாமல் ஓயமாட்டேன் என்று.

அங்கே தங்கிப் படித்தவர்களைத் தேடி திராமனுக்கும் மோர்டென்ஸ்ருட்டுக்கும் அலைந்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

“அக்கா சமைச்சதைச் சாப்பிட்டனீங்கள்தானே? கூட்டத்துக்கு வருவியளோ?”

வந்தார்கள் அக்கா, கைக்குழந்தைகளோடும் வந்தார்கள். தலைவரைத் தெரியும் வாக்கெடுப்பில் சிவநேசனுக்கு உயர்ந்தவை அவருடைய மைத்துனர்களின் கைகள் மட்டும்தான். என்னைத் தலைவியாக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, என்ர படத்தையாவது ஹோலில விட்டு வையுங்கோ.”

“நீங்கள் என்ர அக்காவை விட்டு வைச்சனீங்களோ?”

படத்தை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அதைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். என்னிடம் குடை இருந்தது. கொடுக்கவில்லை.

சந்தோசமாக இருந்தது அக்கா. பங்குச் சுவாமி மன்னிக்கச் சொல்கிறார். “இன்னும் ஏலாமல் கிடக்கு, சுவாமி” என்றேன். நீங்கள் என்றால் மன்னித்திருப்பீர்களோ?

பனி கரைந்ததும் இந்த நாட்டு வழக்கப்படி டுக்னாட் என்ற கூட்டுவேலை வைத்தோம். பழைய பிள்ளைகள் எல்லோரும் சம்பளமில்லாமல் கூடி உழைத்தார்கள். நிலக்கீழ் அறையைக் காயவைத்து, உக்கிய பலகைகளை மாற்றினோம். மேல்மாடியில் இப்போது மூன்று பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். ஒருத்தி உங்களைப் போலவே சத்தமாகச் சிரிப்பாள். அதைக் கேட்டால் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

சிவநேசன் இன்னும் ரொம்மனில்தான் இருக்கிறார். ரயிலுக்குப் போவதென்றால் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நேற்றுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். சுவருக்குக் கடும் மஞ்சள் பூசியிருக்கிறேன். குனிந்தாலும் கண்ணில் படும். அந்த மனிதர் நடமாடும் காலம்வரை அந்த மஞ்சளை மங்க விடமாட்டேன். உங்கள்மேல் சத்தியம்.

இன்னும் மன்னிக்காத உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா