அக்காவிடம் சொல்லாதது

மார்ச் 3, செவ்வாய்
காலையிலிருந்து போன் ஓயவில்லை. சந்தை விழுந்ததிலிருந்து எல்லோருக்கும் பயம். பலர் பணத்தைச் சேர்த்துக் கடன் பத்திரங்கள் வாங்கும் எங்கள் நிதியில் போட்டதைத் திருப்பிக் கேட்கிறார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் கணக்குப் பிரிவில் இருப்பவள் பயந்த முகத்தோடு லிப்ட்டில் ஏறக்கூடாதாம்.

மார்ச் 4
மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: வெள்ளி முதல் யாருக்கும் பணம் திருப்பித் தருவதில்லை. அவசரத்தில் விற்றால் பத்திரங்கள் அடிமாட்டு விலைக்குப் போகும். முந்திக்கொண்டவருக்கு முழுசாக, மற்றவருக்கு வெறுங்கை. சமமாகப் பிரிய வேண்டுமென்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். வெளியே மூச்சு விடக்கூடாது.

பக்கத்து மேசைக்காரர் காதோரம் வந்தார். "வீட்டு ஆளுங்க போட்டிருந்தா இன்னைக்கே எடுக்கச் சொல்லிடுங்க. நான் சொல்லிட்டேன்."

அக்கா போட்டிருக்கிறாள். பள்ளி வேன் ஓட்டி, இன்னொரு வேன் வாங்கச் சேர்த்தது முழுவதும்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "எடுத்துடவாடி?"

"ஆபீஸ் விஷயம் பேச முடியாதுக்கா."

"ஆபத்துன்னா நீ சொல்லாமலா இருப்ப? சரி, இருக்கட்டும்." வைத்துவிட்டாள்.

ஐயோ. நான் பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டாளே! திரும்பக் கூப்பிடவா? அவள் எடுத்தால் யார் பங்கு குறையும் — முகம் தெரியாத இன்னொருத்தியின் அக்கா பங்குதானே?

கூப்பிடவில்லை.

மார்ச் 6
அறிவிப்பு வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் போனில் கத்தினார்: "வீட்டுல ஒருத்தி உள்ளயே உக்காந்திருந்தும் மாட்டிக்கிட்டோமே!" அக்கா லைனில் வரவே இல்லை. அவளும் கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 19
பக்கத்து மேசைக்காரரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவர் மச்சான் பணம் எடுத்த தேதி காட்டிக்கொடுத்துவிட்டது.
அக்கா பேசவில்லை. நான் செய்தது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன்டி அவ நம்பரை எடுத்து எடுத்து வைக்கிற?

மே 16
முதலீட்டாளர் கூட்டம். வந்த விலைக்கு இப்போதே விற்பதா, பொறுத்து விற்பதா என்று அவர்கள் ஓட்டுப் போட வேண்டும். ஒருவர் எழுந்து, "பொறுங்கங்கறீங்க. உங்க சொந்தக்காரங்க எல்லாம் முன்னாடியே எடுத்திருப்பாங்க!" என்றார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

பின்வரிசையில் அக்கா எழுந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"ஓரமா உக்காந்திருக்காளே, அவ என் தங்கச்சி. எனக்கே மூச்சு விடல. ரெண்டு மாசமா அவகூடப் பேச்சில்ல. கோவம் இன்னும் போகல. ஆனா கூடப்பிறந்தவளுக்கே சொல்லாதவ, உங்கள மட்டும் ஏமாத்துவாளா? நான் பொறுத்துக்குறேன்."

சிலர் சிரித்தார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். பொறுப்பது என்றே முடிவாயிற்று.

டிசம்பர் 11
பத்திரங்கள் விற்ற பணத்தின் முதல் தவணை, எல்லோருக்கும் ஒரே விகிதத்தில், போய்ச் சேர்ந்தது. பயந்ததைவிட நல்ல விலை. வேன் வாங்க இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்.

அதைச் சொல்லத்தான் அக்கா கூப்பிட்டாள் என்று நினைத்தேன். "ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க கையில கொஞ்சம் பணம் இருக்காம். எங்க போடலாம்னு உன்ன கேக்கணுமாம்."

"என்னையா? ஏன்க்கா?"

"நான்தான் உன்கிட்ட கேக்கச் சொன்னேன்."