ரீகனைத் தேட ஒரு போர்டு

அக்டோபர் 17, வெள்ளி

மூடாக்கு. மழை வருகிற மாதிரியே இருந்து வரவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறார்கள் போல. காலையில் பெருக்கிய மாடித் தரை மதியத்துக்குள் கருப்பு. துணி காயப்போட்டதும் போச்சு.

பழைய நோட்டு தீர்ந்தது. இது புதிது.

செய்ய வேண்டியவை:
– தண்ணீர் மோட்டார்க்காரருக்கு போன்
– ஆபீஸ் பிரிண்டர் டோனர்
– மெர்சியின் தையல் மிஷினுக்கு எண்ணெய், பாபின்; கத்தரிக்கோல் சாணை
– போர்டு முடிவு பண்ண

கடைசி வேலைதான் வேலை. கம்ப்யூட்டர் இன்று கா. 6.10க்கு நின்றுவிட்டது. ஒன்பது நாள் ஓடி, பத்தாம் நாள் மெமரி போதாமல். முதல் தடவை இல்லை, ஐந்தாவது. ஒரு வள்ளம் என்ஜின் நின்று மிதந்தால் காற்றும் நீரோட்டமும் அதை எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம். ஒன்றுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் பொய் வள்ளங்களை மிதக்க விட்டு, அதிகமாக எங்கே போய் ஒதுங்குகின்றன என்று பார்க்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது ஆகாது. இரண்டு பிராசசர் போடுகிற சர்வர் மதர்போர்டு வேண்டும்.

தம்பி ரீகன் போய்ப் பதினாறு மாதம். போன வருடம் ஜூன், மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று. கூடப் போகிற சூசை மாமாவுக்குக் காய்ச்சல் என்று கடலுக்குத் தனியாகப் போனவன். ஆளும் இல்லை, வள்ளமும் இல்லை, ஒரு வலைத்துண்டு கூடக் கரைக்கு வரவில்லை.

நான் கடலுக்குப் போனதில்லை. படித்தேன், கப்பல் ஏஜென்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே தேட முடியும்.

அக்டோபர் 18, சனி

அரைநாள். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அண்ணாச்சி கடை. வெளியூர் ஆபீஸ்களில் கழித்த சர்வர்கள் இவரிடம் மூட்டை மூட்டையாக வருகின்றன. கடை முழுக்கத் தூசி, ஒரு நாற்காலி, அதிலும் ஒரு மானிட்டர் உட்கார்ந்திருக்கிறது.

பிராசசர் உட்காருகிற சாக்கெட் இரண்டு உள்ள போர்டு மூன்று வைத்திருக்கிறார்.

1. பெரியது. மெமரி குழி பதினாறு. ஆனால் பவர் பிளக் தனி மாதிரி, அந்தக் கம்பெனிப் பெட்டியில்தான் உட்காரும். பெட்டி அண்ணாச்சியிடம் இல்லை, எடைக்குப் போய்விட்டதாம்.
2. நடுத்தரம். எட்டுக் குழி. சாதாரண பவர் சப்ளை போதும். இரண்டாவது சாக்கெட்டில் இரண்டு ஊசி வளைந்திருக்கிறது.
3. சீனா, புத்தம் புதிது. பளபளப்பு. மேலே இருக்கிற சிப் மட்டும் பழையதைச் சுரண்டி ஒட்டியது. "ஓடுனா ஓடும்" என்கிறார்.

எதுக்கு சார் ரெண்டு பிராசசர், பேங்கே ஒண்ணுல ஓடுது என்றார். சிசிடிவி என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் பொய் தடங்கல் இல்லாமல் வருகிறது. கடலோர வீடா என்றும் கேட்டார். ஆமாம் என்றதும், சன்னலைச் சாத்தி வையுங்கள், உப்புக்காற்று ஒரு வருடத்தில் போர்டைத் தின்றுவிடும் என்று வழியனுப்பினார்.

நல்ல வியாபாரி. மூன்றுக்கும் குறை சொல்லியே விற்கப் பார்க்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தம், மத்தாப்புப் புகை. நமக்குப் பண்டிகை இல்லாவிட்டாலும் பலகாரம் உண்டு. எதிர்வீட்டு அதிரசம் கல் மாதிரி.

ரீகன் பெண்டாட்டி மெர்சி தீபாவளி ஜாக்கெட் எல்லாம் நேற்றே தைத்துக் கொடுத்துவிட்டாள். பதினைந்து நாளாக நிமிராமல் தைத்தவள், இன்று சும்மா இருக்கத் தெரியாமல் மாடிக்கு வந்து என் அறையைப் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே சொன்னாள்.

"கல்லறைத் திருநாளு லிஸ்ட்டு முப்பதாந் தேதியோட முடியுது அத்தான். நீங்க போயி குடுத்துட்டு வாங்க."

பெயரைச் சொல்லவில்லை. நவம்பர் இரண்டு, கல்லறைத் தோட்டத்துப் பூசையில் ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா பெயர், அம்மா பெயர். அதற்குக் கீழே ரீகன் பெயரை எழுதினால் அவன் செத்துவிட்டான். எழுதாதவரை இல்லை. எனக்குக் கணக்கு இவ்வளவுதான்.

போன வருடம் நான் கல்லறைப் பூசைக்கே போகவில்லை. ஆபீஸ் என்று சொல்லிவிட்டு ஆபீசிலேயே போய் உட்கார்ந்திருந்தேன்.

போர்டு வரட்டும், ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். "சரி அத்தான்" என்றாள். எதற்கும் சரிதான். இந்தச் சரி எனக்கு எரிச்சல். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். கட்டின தாலியோடு கணவன் உண்டா இல்லையா என்று தெரியாமல் இருக்கிறவள், என்னிடம் வந்து அனுமதி கேட்கிற மாதிரி நிற்கிறாள். அவளுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும். அதற்குத்தானே இந்தப் பாடு.

அக்டோபர் 22, புதன்

நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆபீஸ் பாதிப் பேர் வரவில்லை. மோட்டார்க்காரரும் வரவில்லை, அவருக்கு மழை ஒரு சாக்கு.

போர்டு பற்றிப் படித்தது:
– இரண்டு பிராசசரும் ஒரே ரகம், ஒரே நம்பராக இருக்க வேண்டும்.
– ஒன்றை மட்டும் போட்டால் இன்னொரு பக்கத்து மெமரி குழி எல்லாம் சும்மா கிடக்கும்.
– இரண்டும் இருந்தாலும் வேகம் அப்படியே இரட்டிப்பாகாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பக்கத்து மெமரிதான் சொந்தம். அடுத்த பக்கத்தில் இருப்பதைக் கேட்டால் நேரமாகும். மேலே ஓர் அடுப்பு, கீழே ஓர் அடுப்பு, அஞ்சறைப் பெட்டி மட்டும் கீழே என்றால் சீரகத்துக்குப் படி இறங்கணும், அது மாதிரி.

ஆகவே இரண்டாம் நம்பர் போர்டு. ஊசியை நிமிர்த்திவிட்டால் போதும்.

மழைச் சத்தத்தில் வேறு வேலை ஓடவில்லை. போனில் ரீகன் கடைசியாகப் பேசிய கால் பதிவு இன்னும் இருக்கிறது. ஜூன், கா. 11.22, நாற்பத்தொரு விநாடி. வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, ஆளைக் கூப்பிடுண்ணே, மெர்சி குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறா என்றான். சரிலே, பாக்கேன் என்று வைத்தேன். நடுக்கடலில் இருந்து தண்ணீர் மோட்டாருக்குப் போன் பண்ணியிருக்கிறான். எங்கே நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் என்ன, காலையில் சட்டை போடும்போதே வீட்டில் சொல்லித்தான் போனான், சிலுவைப் பாருக்குப் போகிறேன் என்று. மெர்சி காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. பார் என்றால் கடலுக்கடியில் பாறைத்திட்டு. அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி எடுத்த இடம், இப்போது மீன் கூடுகிற இடம். என் கணக்கு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

வாங்கியாகிவிட்டது. 2தான். பிராசசர் ஜோடி, மெமரி எட்டு, காற்றாடி இரண்டு. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஆட்டோக்காரர் கேக்கா சார் என்றார்.

சாக்கெட்டில் ஊசி என்றால் சாதாரண ஊசியா, மயிர் கனம். இரண்டாயிரத்துச் சொச்சம், வரிசையாக. அதில் இரண்டு சாய்ந்து பக்கத்து ஊசியைத் தொடுகின்றன. லென்சை வைத்து நிமிர்த்தப் பார்த்தேன். கண்ணுக்குப் பிடிபடவில்லை, நாற்பத்தெட்டு வயது. தையல் ஊசி கேட்கக் கீழே போனேன். மெர்சி ஊசியோடு தானும் மேலே வந்துவிட்டாள்.

"நவருங்க அத்தான், நான் பாக்கேன்."

குனிந்து, மூச்சை அடக்கி, பாசி கோக்கிறவள் மாதிரி ஒரே முனையில் இரண்டையும் தூக்கி வரிசையில் நிறுத்திவிட்டாள். ஐந்து நிமிடம் இருக்காது. இது ஓடுனா தெரிஞ்சிருமா என்று கேட்டாள். தெரியும், நான்கு நாளில் தெரியும் என்றேன். சரி என்று இறங்கிப் போனாள்.

சாப்பாடு: நெத்திலிக் குழம்பு. வெகுநாள் கழித்து ருசித்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

போர்டு உயிர் பிடித்தது. இரண்டு பிராசசரும் தெரிகின்றன, மெமரி எட்டும் தெரிகிறது. கைதட்ட ஆள் இல்லை.

ஞாயிறு, கடலுக்கு யாரும் போக மாட்டார்கள். புரோகிராமை ஓட விடுமுன் என்ஜின் எத்தனை மணிக்கு நின்றிருக்கும் என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம் என்று சூசை மாமா வீட்டுக்குப் போனேன். அறுபது வயது, ரீ.யோடு பதினைந்து வருடம் ஒரே வள்ளத்தில் போனவர். வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன். சிலுவைப் பாரில் சிவப்புப் புள்ளி, அங்கிருந்து கிழக்கே இலங்கைப் பக்கம் விசிறி மாதிரி விரிகிற கோடுகள். ரொம்ப நேரம் பார்த்தார். சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து, இங்கன இருந்து எதுக்குக் கெளப்புத என்று கேட்டார்.

அங்கேதானே போனான், வீட்டில் சொல்லிவிட்டுத்தானே போனான் என்றேன்.

"போற பார எவன் நெசமாச் சொல்லுவான் மருமவனே? வடக்க போறேம்பான், தெக்க போவான். வாயத் தொறந்தா மறுநா அங்கன பத்து வள்ளம் நிக்கும்."

வீட்டிலுமா என்றேன். வீட்டில்தான் முதலில், தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வந்துவிடுமாம். எல்லா வீட்டிலும் இதே கதைதான், இதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையாம். உங்களிடமாவது சொல்வானா என்று கேட்டேன்.

"நாங்க சேந்து போனாத்தான் ஒரே பாரு. அவன் தனியாப் போற பாரு எனக்குத் தெரியாது. நான் தனியாப் போறது அவனுக்குத் தெரியாது. எங்க நின்னான்னு தெரியாம எங்க போனான்னு எந்த மிசினு சொல்லும்?"

அவன் காணாமல் போனதும் ஊரார் தேடிய அந்த ஐந்து நாளும் இவர்கள் வள்ளங்கள் சிலுவைப் பார் பக்கமே போகவில்லை. அப்போது கரையில் நின்று நான் கத்தினேன், படிக்காதவர்கள் என்று கூடச் சொன்னேன். அவர்கள் வேறு நான்கு பாரில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, சொல்லித் தர வேண்டிய விஷயம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. மீனவன் மகன், நாற்பத்தெட்டு வயது, இது தெரியாது.

டீ கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

ஆபீஸ். சர்க்கரை ஏற்ற ஒரு கப்பல், பேப்பர் வேலை. டோனர் மறந்துவிட்டது.

ஐந்து ஓட்டமும் தப்பான இடத்திலிருந்து. பதினாறு மாதம்.

அக்டோபர் 28, செவ்வாய்

வெயில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கே நின்றான் என்று தெரியாவிட்டால் எல்லாப் பாரிலிருந்தும் கிளப்பிப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் என்ஜின் நின்ற நேரம் வேறு வேறாக. ஒன்றுக்கு நான்கு நாள். இந்த மாதிரி இன்னும் இரண்டு போர்டு இருந்தால் அடுத்த ஈஸ்டருக்குள். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அதே ரகம் வராது சார், வந்தால் சொல்கிறேன் என்றார்.

எல்லாம் முடிந்தாலும் என்ன வரும்? கடல் முழுக்கக் கோடு வரும். எங்கும் இருக்கலாம் என்று சொல்ல சர்வர் எதற்கு?

அழுதேன். எழுதி வைக்கிறேன், வெட்கம் என்ன.

அக்டோபர் 29, புதன்

ஓட்டிப் பார்த்தீங்களா அத்தான் என்று மெர்சி கேட்டாள். ஓடிக்கிட்டிருக்கு என்றேன். மேலே காற்றாடி இரண்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பாரை, சூசை மாமா சொன்னதை, என்னால் சொல்ல முடியவில்லை.

யோசித்து முடிவு: பெயர் கொடுக்க மாட்டேன். எங்கே என்று தெரியாது, அவ்வளவுதான். தெரியாததை வைத்து ஒருவனைச் சாகடிக்க எனக்கு உரிமை இல்லை. நாளை கோயிலுக்குப் போய், எங்கள் வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் ரீ. பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மெர்சியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் தூறல். ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன்.

கோயில் ஆபீசில் கூட்டம், கடைசி நாள் இல்லையா. ஆளுக்கொரு சீட்டு. சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற உபதேசியார் பெரிய நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் சொல்ல வந்ததைச் சொன்னேன், ரீகன் பெயரை இந்த வருடம் சேர்க்க வேண்டாம் என்று. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

பழைய பெயர்களை யாரும் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லையாம், போன வருட நோட்டைப் பார்த்து அவரே எழுதிவிடுவாராம். நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். எங்கள் வீட்டுப் பெயர். அப்பா. அம்மா. மூன்றாவதாக ரீகன். போன வருட நோட்டையும் எடுத்தார். மெர்சி கொடுத்த சீட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து, ஜாக்கெட் அளவு எழுதுகிற அதே குண்டு எழுத்து.

"போன வருசமே வாசிச்சாச்சே தம்பி. கல்லறைல உங்க வீட்டாளுவ எல்லாரும் நின்னாவ. நீங்கதான் ஆபீசுன்னு வரல."

எல்லாரும் என்றால் மெர்சி, சூசை மாமா, அவர் வீட்டு அத்தை, தெருக்காரர்கள். ஒருவரும் என்னிடம் மூச்சு விடவில்லை. அவளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் முடிவு பண்ணி ஒரு வருடம் ஆகிவிட்டது. நானும் அந்த முடிவுக்கு வந்து சேருகிறவரை அந்தச் சரி, சரி. சீட்டுக் கொடுக்க என்னைப் போகச் சொன்னதும் அதற்குத்தான். ஊசியைக் கூட நிமிர்த்திக் கொடுத்தாள்.

பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மா நேரமாவுது என்றார். உபதேசியார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, என்ன செய்யட்டும், அடிச்சிரவா என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஆபீசுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். மெர்சி மிஷினில் இருந்தாள், கால் நிற்கவில்லை, தலை நிமிரவில்லை.

"குடுத்தாச்சா அத்தான்?"

"குடுத்தாச்சிம்மா."