பிடுங்கிய பிளக்

மார்ச் 4, செவ்வாய்

பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்த, கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த பழங்கால ரேடியோவை இன்றுதான் பிரித்தேன். உள்ளே எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்திருக்கிறது. அக்கா எட்டிப் பார்த்து, "இந்தக் காசுக்கு ஒரு அலமாரி வாங்கியிருக்கலாம். அதுவாவது வாயை மூடிட்டு ஒரு மூலையில நிக்கும்" என்றாள். இதுவும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறது, அதுதான் கோளாறே என்றேன்.

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சர்கள் இரண்டும் உப்பிப்போயிருந்தன. புதிது வாங்கிப் போட வேண்டும். பழையதோடு அப்படியே சொருகிப் பார்க்கிற அவசரக்காரி நான் இல்லை. கல்லூரி இயற்பியல் லேபில் உதவியாளராக இத்தனை வருஷம் இருந்து, ஒரு மாணவனுக்கும் விரல் சுட்டதில்லை. வீட்டிலும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பெயர். நான் கவனக்காரி, அக்கா மறதிக்காரி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் காலம் தள்ளுவதால் கணக்கு சரியாகிவிடுகிறது என்பான் அண்ணன்.

மார்ச் 6, வியாழன்

புதுக் கண்டென்சர்கள் போட்டாயிற்று. உறுமல் இல்லை, சத்தமும் இல்லை. ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற கடைசி வால்வு மேல்தான் சந்தேகம்.

மார்ச் 8, சனி

அக்காவுக்கு ஷாக் அடித்துவிட்டது. கீழே விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நடந்ததை இங்கேயாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் ரேடியோ திறந்து கிடந்தது. சந்தேகப்பட்ட வால்வைக் கழற்றிவிட்டு, கரண்ட் போட்டு, மீட்டரில் அளந்துகொண்டிருந்தேன். லேப் சாவி எங்கே என்று கல்லூரியிலிருந்து போன். ரேடியோவின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனேன். ஒரு விடுதிக்குத் தைத்துக் கொடுக்க வாங்கியிருந்த திரைச்சீலைத் துணியை வெட்ட அக்காவுக்கு மேசை வேண்டும். "இதை நகர்த்தட்டுமா?" என்று கேட்டாள். "பிளக்கைப் பிடுங்கிட்டு நகர்த்து" என்று கையை ஆட்டினேன்.

வால்வு செட்டில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. கண்டென்சரில் தேங்கியது அப்படியே நிற்கும். அதுவும் அந்த வால்வைக் கழற்றிவிட்டால் வடிவதற்கு வழியே கிடையாது. நாம்தான் வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வடிப்பேன். நேற்று வடிக்கவில்லை.

தூக்கும்போது அக்காவின் விரல் உள்ளே கண்டென்சரில் பட்டிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்தபோது தரையில் கிடந்தாள். பிளக்கும் தரையில்தான் கிடந்தது. சுவரிலிருந்து பிடுங்கி, தள்ளிப் போட்டிருந்தாள். பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அக்கா கேட்டாள்: "நான் பிளக்கைப் பிடுங்கலையோ? பிடுங்கின மாதிரிதான் இருக்கு. ஆனா ஷாக் அடிச்சிருக்கே. நீ வந்தப்போ அது சுவத்துலயா இருந்துச்சு?"

"கவனிக்கலக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பதற்றமா? இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

அண்ணன் போன் செய்தான். "கரண்ட் இருக்கும்போதே கையை விட்டாளா? இவளைத் திருத்தவே முடியாது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சீ.

மார்ச் 14, வெள்ளி

லேபில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன். "நான் இஸ்திரிப் பெட்டியை அணைச்சேனா?"

"நான் இங்க இருக்கேனேக்கா, எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாரேன்."

"பார்த்துட்டேன். அணைஞ்சுதான் இருக்கு. நான் பார்த்தது சரிதானான்னு கேக்கறேன்."

அருகில் மாணவர்கள் நின்றார்கள். சரிதான்க்கா, சரிதான் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். அன்று போலவே அந்த வால்வு இல்லாமல் கரண்ட் போட்டேன், அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியே விட்டுவிட்டுக் குளித்து, சமைத்து, சாப்பிட்டு முடித்து வந்து மீட்டரை வைத்தேன். ஒரு ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு அப்போதும் இருந்தது.

இது எனக்குத் தெரியாதா? மாணவர்களுக்கு வருஷாவருஷம் நானே சொல்வது. பிறகு ஏன் அளந்தேன் என்றால், மீட்டராவது என் பக்கம் சாட்சி சொல்லாதா என்ற நப்பாசை. அக்கா மேல்தான் தப்பு என்று முள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எவ்வளவு கேவலம்.

மார்ச் 19, புதன்

புது வால்வு வந்தது. பொருத்தினேன். பாட்டு கேட்டது, ஆனால் கரகரத்தது. பின்னால் ஒரு சின்னக் கண்டென்சர் கசிந்துகொண்டிருந்தது. அதையும் மாற்றியதும் யாரோ ஒரு பெண்மணி வானிலை சொன்னாள், பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி. வேறு சமயமாக இருந்தால் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

அவள் கதவோடு நின்றுவிட்டாள். "நல்லாக் கேக்குது. நீயே அணைச்சிடு, நான் கிட்ட வரல" என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரோடு வருகிறான். அக்காவைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவானாம். "நீ வேலைக்குப் போயிடுற. மறதி முத்திட்டு வருது. தனியா விட்டா ஒருநாள் வீட்டையே கொளுத்திடுவா. அண்ணி பார்த்துப்பா" என்றான். அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சரி என்றுவிட்டாள். தைக்க வாங்கின துணியை விடுதிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கட்டு பிரித்ததும் தைக்கலாமே என்று அவரே சொல்லியும் கேட்கவில்லை.

"எனக்கே என்னை நம்ப முடியல. வயர் முறுக்கிட்டு இருந்துச்சு, அதை நேராக்கிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். இன்னும் கண்ணுல நிக்குது. நடக்காத ஒண்ணு இவ்வளவு தெளிவா ஞாபகம் இருந்தா அது வியாதிதானே?"

வாய் வரை வந்தது. காபி ஆறிடும்க்கா, குடி என்றேன்.

நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

நம்பவில்லை! "எனக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறியா? நீயாவது மறக்கிறதாவது. அசடு" என்று என் கன்னத்தைத் தட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மேசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வால்வைக் கழற்றினேன், கரண்ட் போட்டேன், அணைத்தேன். "நீயே பிடுங்கு" என்றேன். பயந்து பயந்து பிடுங்கினாள். "கையிலேயே வெச்சுக்கோ, கீழே போடாதே" என்றுவிட்டு, ஸ்குரூடிரைவரைக் கண்டென்சரின் இரு முனையிலும் வைத்தேன்.

பட்டென்று வெடித்து நீலப் பொறி பறந்தது. அக்கா கத்திவிட்டாள். பிறகு கையில் இருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ நான் பிடுங்கினேன்."

"ஆமாக்கா."

"நீ அதைப் பார்த்தே."

தலையாட்டினேன்.

"ரெண்டு வாரம். எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நான் பயந்து சாகறேன், நீ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே."

அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் வந்தான். அக்கா சொல்வதற்குள் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "நீயா?" என்று மட்டும் கேட்டான். வந்த காரிலேயே தனியாகத் திரும்பிப் போனான்.

ஏப்ரல் 2, புதன்

அக்கா பேசினாள். சர்க்கரை டப்பா எங்கே என்று.

ஏப்ரல் 12, சனி

விடுதிக்காரர் துணியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவும் திரைச்சீலை. அக்காவுக்கு இன்னும் கட்டு பிரிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் வெட்டுகிறேன். கோணலாக வெட்டினால் திட்டுகிறாள், பழைய மாதிரி. இஸ்திரிப் பெட்டியைத் தானே போடுகிறாள், தானே அணைக்கிறாள், யாரையும் கேட்பதில்லை. தைக்கும் நேரம் ரேடியோ பக்கத்தில் பாடவேண்டுமாம். அதையும் அவளே போடுகிறாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் நூல் வாங்கக் கிளம்பினோம். "பூட்டிட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினேன். சரி என்றாள். கீழே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். அண்ணாந்து பார்த்தேன். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று, நல்ல கையால் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.