கேட் தூணுக்கு நடுவே ஒரு கார்

மார்ச் 4, புதன்

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொன்னவன் நான். யாரிடம் சொன்னாய் என்று கேட்டால், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சொன்னதுதானே?

அக்கா மகளின் பழைய காருக்கு முன்பக்க சஸ்பென்ஷன் போய்விட்டது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம். திங்கட்கிழமை அவளுக்குப் புது வேலை. தண்ணீர் பரிசோதிக்கும் கூடம். நாற்பது கிலோமீட்டர், முழுக்க நெடுஞ்சாலை, பஸ் கிடையாது. இரண்டு வருஷம் மனுப் போட்டுக் கிடைத்த வேலை.

"வெளியில விட்டா பத்து நாள் ஆகும்கிறாங்க மாமா" என்றாள்.

"நான் எதுக்கும்மா இருக்கேன்? ரெண்டு மணி நேர வேலை."

பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். சாமான் எடுத்துக் கொடுக்கிற ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும்.

மழை வரும் போலிருந்தது. காரை மூக்கு உள்ளே வரும்படி விட்டேன். முன்பாதி கூரைக்குக் கீழே, பின்பாதி கேட் தூண்களுக்கு நடுவே. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இடது சக்கரத்தைக் கழற்றினேன். என்ன வேகம்! அத்தான் வாயைப் பிளந்துவிட்டார். கொட்டாவியாக இருக்காது.

மார்ச் 5, வியாழன்

ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட் இரண்டையும் எடுத்தேன். சக்கரம் மாட்டுகிற அந்தக் கனமான இரும்புக் குடம் சட்டென்று வெளிப்பக்கம் சாய்ந்தது. சாயும்போது சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டை, அதுதான் டிரைவ் ஷாஃப்ட், அதையும் இழுத்துக்கொண்டே போய்விட்டது. கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் கையோடு வந்தது. பின்னாலேயே எண்ணெய். என் வேட்டி, தரை, அக்காவின் கால்மிதி, எல்லாம் எண்ணெய்.

முதலில் குடத்தைக் கம்பியால் கட்டி வைத்திருக்க வேண்டும். தெரியாதா எனக்கு? தெரியும். கம்பி கையில் இல்லை.

"இதையும் சுத்தம் பண்ணத்தான் கழட்டினேன்" என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். அதுதான் சங்கடம்.

மார்ச் 6, வெள்ளி

புது ஷாக் அப்சார்பரை மாட்டியாயிற்று. ஷாஃப்ட் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. கார் நகராது. கேட்டின் அந்த ஒரு சாண் இடைவெளியில் அவளும் அத்தானும் பக்கவாட்டில் நுழைந்து போய்விடுகிறார்கள். அக்காவால் முடியவில்லை. நானும் மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். தொந்தி தூணில் நின்றுவிட்டது. பின்வாசல் இல்லாத வீடு இது. இரண்டு நாளில் ஊர் திரும்புகிறேன் என்று சொல்லி வந்தவன் நான்.

"டேய், சொந்த வீட்டுலயே என்னைச் சிறை வெச்சுட்டியேடா" என்றாள் அக்கா.

"நானும்தானே உள்ள இருக்கேன்?"

"நீ செஞ்ச தப்புக்கு நீ இருக்கே. நான் என்னடா பண்ணினேன்?"

பதில் சொல்ல எனக்கா தெரியாது? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன்.

மார்ச் 7, சனி

நூறு தடவை தள்ளியிருப்பேன். சரி, இருபது. ஷாஃப்டின் நுனியில் பற்கள், அதற்கும் நுனியில் மெல்லிய லாக் வளையம் ஒன்று. பற்கள் சேருகின்றன, வளையம் முட்டி நிற்கிறது. ஒரு கையால் குடத்தைத் தூக்கி, மறு கையால் ஷாஃப்டைத் தாங்கி, இன்னொரு கையால் தள்ள வேண்டும். இதற்கு மூன்று கை வேண்டும். யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன ஆகும்? பன்னிரண்டு வருஷம் என்ன ஆகும்?

அத்தான் தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார், என்னைக் கேட்காமலே. நல்லவேளை, அவரும் என் சைஸ். கேட்டுக்குள் வர முடியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"வளையத்துல கிரீஸ் தடவிக்கோங்கண்ணே. பல்லு சேர்ற வரைக்கும் மெதுவா திருப்புங்க. அப்புறம் ஒரே தள்ளு. வளையம் உள்ள போய் உக்காரும்போது டக்குனு சத்தம் வரும். வரலேன்னா வண்டிய எடுத்துடாதீங்க. ரோட்டுல போறப்ப ஷாஃப்ட் உருவிக்கும்."

"இதெல்லாம் எனக்கேவா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஷாஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

முடிந்தது!

சாயங்காலம் மெக்கானிக் மறுபடி மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அத்தான் ஒரு நாற்காலி, அக்கா ஒரு நாற்காலி. "ஹெல்ப் பண்ணவா மாமா?" என்றாள் இவள். "கை அழுக்காகும், நகரு" என்றேன். கிரீஸ், திருப்பல், ஒரே தள்ளு. டக்! மதிலுக்கு அப்பாலிருந்து, "எனக்கே கேட்டுச்சுண்ணே!" என்று கத்தினார் மெக்கானிக். அத்தான் கை தட்டினார்.

சக்கரம் மாட்டி, எண்ணெய் ஊற்றி, காரை இறக்கியாயிற்று.

"அப்ப பின்னால எடுடி, நான் தெருவைப் பார்த்து நாலு நாள் ஆச்சு" என்றாள் அக்கா.

"கூடாது. காலையில வரைக்கும் ஆடாம நிக்கணும். புது ஷாக் அப்சார்பர், படியணும்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். மூன்று தடவை குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டு எண்ணெய் இருந்தது. பழைய எண்ணெயாக இருக்கும். பழையதுதான்.

மார்ச் 9, திங்கள்

ஆறு மணிக்கெல்லாம் தயாராகிவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "மாமா, நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்!" என்றாள். சாவியைப் போட்டாள். எஞ்சின் பிடித்தது.

கியர் போடுவதற்குள் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டேன்.

"என்ன மாமா?"

"இறங்கும்மா. சத்தம் சரியில்ல."

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"பன்னிரண்டு வருஷக் காது இது. இறங்கு."

மறுபடி ஜாக்கி, ஸ்டாண்டு, சக்கரம், போல்ட். இந்தத் தடவை குடத்தைக் கம்பியால் கட்டினேன். அவள் ஷாஃப்டைப் பிடித்து லேசாக இழுத்தாள். குடையை உறையிலிருந்து உருவுவது போல வந்துவிட்டது. நுனியிலிருந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதோடவா மாமா நான் ரோட்டுக்குப் போக இருந்தேன்?"

ஷாஃப்டை வாங்கி வளையத்தில் கிரீஸ் தடவ ஆரம்பித்தேன்.

அவள் வேலை இடத்துக்கு போன் செய்து கெஞ்சினாள். மத்தியானத்துக்குள் வந்தால் போதும் என்றார்கள். அக்காவின் பழைய நைட்டியைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு அவளே காருக்கு அடியில் புகுந்தாள். நான் குடத்தைத் தூக்கிப் பிடித்தேன், அவள் திருப்பித் தள்ளினாள். நாலாவது தள்ளில் கேட்டது. கேட்டது மட்டுமில்லை, என் உள்ளங்கை வரை அதிர்ந்தது. இழுத்தோம், இரண்டு பேரும் சேர்ந்து. அசையவில்லை.

மறுபடி சக்கரம், மறுபடி எண்ணெய். பத்தரைக்குக் கார் கேட்டைத் தாண்டியது. அக்கா வெளியே போய்த் தெருவின் நடுவில் சும்மா நின்றாள். எங்கேயும் போகவில்லை.

பன்னிரண்டுக்குள் போன் வந்தது. சேர்ந்துவிட்டாளாம், பள்ளத்தில் இறங்கினால் சத்தமே இல்லையாம். "சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சீங்களே மாமா, உங்க காதுக்குக் கோயில் கட்டணும்" என்றாள். அத்தான் மெக்கானிக்கிடம் அதைச் சொல்லிவிட்டார். அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலையில் எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. நேற்று ஷாஃப்ட் வழக்கம் போல முட்டிக்கொண்டுதான் நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த "டக்", தரையில் கிடந்த பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, ஸ்டாண்டின் காலில் நான் தட்டியது.