களிமண் தாங்கியது

ஃபோர்ட் மெக்மர்ரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வலை இழுக்கும்போது தோள் இன்னும் வலிக்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

எண்ணெய் ஊறிய மணலைக் கழுவி எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் கழிவுநீரில் பொடிக்களிமண் வருஷக்கணக்காகப் படியாமல் மிதக்கும். மருந்து கலந்து அதைப் படிய வைப்பதுதான் என் வேலை. ஜூனில் கழிவுநீர்க் குளத்தின் ஓரத்தில் மாதிரி எடுக்கப் போய் முழங்கால்வரை சேற்றில் புதைந்துவிட்டேன். பயப்படாதீர்கள், இடுப்பில் கயிறு இருந்தது. இழுத்தெடுத்த என் கூட்டாளி வெர்னா, "ஏ டோரீன், பூட்ஸைக் குளத்துக்கே காணிக்கையா குடுத்துட்டியா?" என்று சிரித்தாள்.

பிறகு மருந்தின் அளவை மாற்றினோம். தெளிந்த நீர் தனியே வடிந்தது, மிச்சம் வெயிலில் இறுகியது. நேற்று அதே இடத்தில் களிமண் என்னைத் தாங்கியது. "குதிச்சுப் பாருடி!" என்றாள் வெர்னா. குதித்தேன். அசையவில்லை!

இரண்டு பாட்டில் காட்டுப்பழ ஜாம் அனுப்புங்கள். முகவரியைத் தங்கை எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள். உங்கள் எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் வந்து சேரும்.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

டோரீன்